கோகோம் கடையில் விட்டுப்போன பச்சோந்திகள்

கோகோமை யாராவது "நல்ல மனசுக்காரி" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிச் சொல்கிறவர்கள் எல்லோரும் அவள் தலையில் எதையாவது கட்டிவிட்டுப் போகிறவர்கள். மனசு நல்லதா கெட்டதா என்பதெல்லாம் அவர்களுக்குத் தேவையில்லை. கனம் குறைந்தால் போதும், ஸ்கூட்டரைக் கிளப்பிவிடுவார்கள்.

இந்தோனேசியாவின் பண்டுங் நகரத்தில், கல்லூரிப் பிள்ளைகள் அறை எடுத்துத் தங்கும் சரிவுத் தெருவில், கிலோ கணக்கில் துணி துவைத்துக் கொடுக்கும் கடை அவளுடையது. ஒட்டினாற்போல் இருக்கும் ஜெராக்ஸ் கடை என்னுடையது. நான் சுமத்ராத் தீவின் மேடானில் பிறந்த தமிழன், இங்கே வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. இரண்டு கடைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவளுடைய இஸ்திரிப் பெட்டி சீறுவது எனக்குக் கேட்கும். நான் மெஷினைத் திட்டுவது அவளுக்குக் கேட்கும். என்னைவிட வயதில் இளையவள்தான், ஆனால் தெருவுக்கே அவள் 'தெத்தே', அதாவது அக்கா. மேடான்காரன் என்பதால் நான் அவளுக்கு 'பாங்', அண்ணன்.

அவள் கடையில் காணாமல் போன பொருள் என்று ஒன்று கிடையாது. பதினெட்டு வருடத்தில் ஒரு கைக்குட்டை தவறியதில்லை. துணி வந்ததும் எண்ணுவாள். இளஞ்சிவப்புத் துண்டுச்சீட்டில் பெயர், தேதி, எத்தனை உருப்படி என்று எழுதிக் குத்துவாள். திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி எண்ணி, 'எடுத்துச் சென்றார்' என்று முத்திரை வைப்பாள். ஒற்றைக் காலுறைகளை மட்டும் ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு வைத்திருப்பாள், என்றைக்காவது ஜோடி தேடி ஆள் வரும் என்று.

இந்த ஊரில் ஒரு சொல் இருக்கிறது. தித்திப். தன் பொருளைப் பிறர் பொறுப்பில் விட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் அது. பையைப் பக்கத்து வீட்டில் விட்டால் தித்திப், பிள்ளையைப் பெரியம்மாவிடம் விட்டால் தித்திப். சாவு வீட்டுக்குப் போனாலும் இதே சொல்தான். "உசுரே தித்திப்தானே, விட்டவன் எடுத்துக்கிட்டான்" என்று ஆறுதல் சொல்வார்கள். வந்த புதிதில் என் தமிழ்க் காதுக்கு அது இனிப்பாக விழுந்தது. இப்போது அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிகிறது.

முதல் பச்சோந்தி வந்தது ஒரு நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு முந்தின நாள். ஊருக்குக் கிளம்பிய மாணவன் ஒருவன் இரண்டு போர்வைகளோடு ஒரு கூண்டையும் மேஜைமேல் வைத்தான். "தெத்தே, தித்திப். ரெண்டே வாரம்." கோகோம் பதில் சொல்வதற்குள் பேருந்துக்கு ஓடிவிட்டான். உள்ளே கிடந்த பச்சோந்திக்கு முன்னங்கால்கள் ஈரத் துணிபோல் வளைந்திருந்தன. வெயிலே படாத அறையில் வளர்த்து எலும்பு இளகிப்போயிருக்கிறது. ஒன்பதாம் நாள் செத்துவிட்டது. அவள் அழுதுகொண்டே அவனுக்குப் போன் போட்டாள், அவன் எடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து வந்து போர்வைகளை வாங்கிக்கொண்டு போனான். கூண்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, கடங்காரப் பயல்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு கையைக் கழுவியிருப்பார்கள். கோகோம் கற்றுக்கொள்ளத் தொடங்கினாள். பூனைக்கு ஊசி போடும் கால்நடை மருத்துவரிடம் போய்க் கேட்டாள். "எனக்குத் தெரியாதும்மா, சேர்ந்து கத்துக்கலாம்" என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். பறவைக் கடையில் சில்வண்டு வாங்கினாள், எலும்புக்கு வலு சேர்க்கக் கணவாய் மீனின் ஓட்டை இடித்துப் பொடியாக்கி அவற்றின்மேல் தூவினாள். மொட்டைமாடியில் துணிக்கொடிகளுக்கு நடுவே பன்னிரண்டு செம்பருத்தித் தொட்டிகள் வைத்தாள். அடியில் ஊசித் துளை போட்ட தண்ணீர்ப் புட்டிகளைச் செடிக்கு மேலே தொங்கவிட்டாள். காலை வெயிலில் ஒரு பக்கம் சட்டைகள், இன்னொரு பக்கம் பச்சோந்திகள். இரண்டையும் வெயிலில் போடுவதற்கு இந்த ஊரில் ஒரே சொல். யாராவது போன் செய்து "தெத்தே, என்னோடது காஞ்சுதா?" என்றால், "சட்டையா, பச்சோந்தியா?" என்று கேட்பாள்.

இரண்டாவது பிழைத்தது, மூன்றாவதும் பிழைத்தது. அவ்வளவுதான், தெருத்தெருவாகப் பேச்சுப் பரவிவிட்டது. வீக்கக் கண்ணோடு, புண் பிடித்த வாயோடு, ஒட்டிய விலாவோடு கூண்டுகள் வரத் தொடங்கின. வாங்குகிறவர்கள் யார் தெரியுமா? போனில் வீடியோ பார்த்து மயங்கியவர்கள். சிவப்புத் துண்டில் வைத்தால் சிவப்பாகும், நீலக் கண்ணாடியைப் பிடிக்கக் கொடுத்தால் நீலமாகும் என்று நம்பி, அப்படி ஆகாவிட்டால் உலுக்கிப் பார்ப்பவர்கள். அது நிறம் மாறுவது அதன் பயத்துக்கு, குளிருக்கு, கோபத்துக்கு. உங்கள் துண்டுக்கு அல்ல. அடிக்கடி கட்சி மாறுகிறவனைப் பச்சோந்தி என்று திட்டுவது தமிழிலும் உண்டு, இங்கேயும் உண்டு. இந்தத் தெருவில் சில வருடம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், அது பச்சோந்திக்குத்தான் அவமானம்.

ஒவ்வொரு கூண்டிலும் கோகோம் துணிக்குக் குத்துவதுபோலவே துண்டுச்சீட்டு குத்தினாள். பெயர், தேதி, உருப்படி ஒன்று. குணமானதும் சொந்தக்காரர்களைக் கூப்பிடுவாள். பாதிப்பேர் வரமாட்டார்கள். வந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அங்கேதான் எனக்கும் அவளுக்கும் தகராறு.

குமிலாரைச் சொல்கிறேன். தெரு முனையில் காப்பிக் கடை வைத்திருப்பவன். இந்த ஊர்க்காரன் என்பதால் அவளுக்கு அவன் 'காங்', அதுவும் அண்ணன்தான். பேச்சில் தேன் ஒழுகும். கடைக்கு நடுவே கண்ணாடிப் பெட்டியில் ஒரு பெண் பச்சோந்தி வைத்திருந்தான். ராத்து என்று பெயர், ராணி என்று அர்த்தம். காப்பி வாங்கினால் ராணியைக் கையில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் அதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான்.

"தெத்தே, ராத்து ரெண்டு நாளா தூங்கிக்கிட்டே இருக்கா. கஸ்டமர் வந்தாக்கூடக் கண்ணத் தொறக்க மாட்டேங்குறா. சரியான சோம்பேறி."

"பகல்ல கண்ண மூடுற பச்சோந்தி சோம்பேறி இல்ல, காங். சாகக் கெடக்குது. தண்ணி எப்படி வைக்கறீங்க?"

"கிண்ணத்துலதான். நல்ல பீங்கான் கிண்ணம்."

"இதுங்களுக்கு நிக்கிற தண்ணி கண்ணுக்கே தெரியாது. எலையில சொட்டுறதத்தான் நக்கும். தாகத்துலயே காஞ்சு போயிருக்கு பாருங்க. உங்க கடைக்கு வர்றவங்களுக்குச் சுவத்துல காப்பிய வரைஞ்சு காட்டுவீங்களா?"

அவன் சிரித்தான். "தெத்தே திட்டினாக்கூட இனிப்பாத்தான் இருக்கு. சரி, தித்திப்."

ஏழு வாரம். கண்ணில் மருந்து சொட்டி, ஊசிக்குழலால் வாயில் தண்ணீர் விட்டு, வேளைக்கு ஒரு சில்வண்டாகத் தொடங்கி, அதை மீட்டாள். கண் திறந்தது. நாக்கு நீண்டது. அவள் விரலில் ஏறித் தோள்வரை நடந்தது. கூப்பிட்டாள், அவன் வந்தான், கொடுத்துவிட்டாள். கூடவே நான்கு வரி எழுதி என்னிடம் பிரதி எடுத்துக் கொடுத்தனுப்பினாள். தண்ணீர் சொட்டவேண்டும், வெயில் வேண்டும், பொடி வேண்டும், ஆட்கள் கையில் கொடுக்கக்கூடாது. அந்தக் காகிதத்தைப் பிறகு அவன் கடையில் பார்த்தேன். ஆடுகிற மேஜைக்கு முட்டுக் கொடுக்க மடித்துக் காலடியில் வைத்திருந்தான்.

ஐந்து மாதத்தில் மறுபடி வந்தான். குளிருக்கு விளக்கு போட்டானாம், தலைக்குமேல் ஒட்டியதுபோல் போட்டிருக்கிறான். முதுகு பொசுங்கிப்போயிருந்தது. "தித்திப், தெத்தே." மூன்று மாதம் களிம்பு தடவினாள். தழும்பு மட்டும் மிச்சமானது. போனை எடுத்தாள்.

"அவனயா கூப்பிடறீங்க?" என்றேன்.

"பின்ன யாரக் கூப்பிடறது? சீட்டுல அவர் பேர்தான இருக்கு."

"செத்துப்போச்சுன்னு சொல்லித் தொலைங்க!"

"பொய் சொல்லி ஒரு பொருள வச்சுக்கச் சொல்றீங்களா, பாங்? ஒருத்தர் பேன்ட்ட அழுக்காக்கிக் கொண்டாராரு. தொவச்சுக் குடுக்கறேன். திரும்ப அழுக்காக்குவாருன்னு பேன்ட்ட நான் வச்சுக்க முடியுமா?"

"பேன்ட்டுக்கு வலிக்காது, தெத்தே."

அவள் இஸ்திரிப் பெட்டியை எடுத்து, கூண்டை மூடும் துணியை மடிப்பு மடிப்பாகத் தேய்த்தாள். சாயங்காலம் குமிலார் வந்து எடுத்துக்கொண்டு போனான். உன் நேர்மையும் நீயும் நாசமாய்ப் போங்கள் என்று மனதுக்குள் திட்டினேன். அன்றிலிருந்து அவளோடு பேச்சை நிறுத்தினேன். எனக்கு முன்கோபம், தெருவுக்கே தெரியும்.

அந்த வாரம் புதன்கிழமை குமிலார் என் கடைக்கு வந்தான். "பாங், இத கலர்ல இருபது போடுங்க" என்று போனை நீட்டினான். ராத்துவின் படம். கருகருவென்ற பச்சை உடம்பு முழுக்க மஞ்சளும் நீலமும் புள்ளி புள்ளியாக மின்னியது. கீழே, 'ராணிக்குப் புது உடை! சனிக்கிழமை வாங்க!' என்று எழுதியிருந்தது. அவனைப் பிடிக்காது என்றாலும் படம் அழகாகத்தான் இருந்தது. போட்டுக் கொடுத்தேன். ஒன்று கோணலாக வந்தது, எறிய மனமில்லாமல் என் சுவரில் ஒட்டிக்கொண்டேன். பக்கத்துக் கடைக்குப் போய் "பாருங்க" என்று காட்ட ஐந்து அடி நடந்திருந்தால் போதும். பேசமாட்டேன் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை காலை துண்டுச்சீட்டுப் புத்தகம் பிரதி எடுக்க அவளே வந்தாள். முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

"இது எப்ப எடுத்தது, பாங்?"

"புதன்கிழமை கொண்டாந்தான்."

"புதன்கிழமையா?" படத்தில் விரலை வைத்தாள். "இது உடை இல்ல, பாங். வயித்துல முட்டை. ஆண் சேராமயே முட்டை கட்டும் இதுக்கு. இந்தக் கலர் போட்டா, 'கிட்ட வராத, தொடாத'ன்னு அர்த்தம். மண்ணத் தோண்டித்தான் இடும். தோண்ட எடமில்லன்னா அடக்கி வச்சுக்கிட்டே செத்துப்போகும்."

சாகப்போகிற ஒரு தாயின் கூச்சலை நான் இருபது பிரதி, கலரில், பளபளக் காகிதத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

துவைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கக் கடையை அப்படியே விட்டுவிட்டு அவள் வாளியைத் தூக்கினாள். எதிரில் வீடு கட்டும் இடத்தில் மணல் கேட்டு வாங்கி, தண்ணீர் தெளித்துப் பிசைந்தாள். நானும் ஷட்டரை இறக்கிவிட்டுக் கூடவே போனேன். காப்பிக் கடையில் நிற்க இடமில்லை. ராத்து பெட்டியின் அடித்தளத்தில் கண்ணாடியைக் கீறிக்கொண்டிருந்தது. இந்த மூலையில் கீறும், அந்த மூலைக்குப் போய்க் கீறும். சுற்றிப் போன்களாக நீட்டிக்கொண்டு, "டான்ஸ் ஆடுறா!" என்று ஒரே சிரிப்பு.

"காங் குமிலார், இது முட்டை போட எடம் தேடுது. குடுத்துடுங்க, இப்பவே" என்றாள் கோகோம்.

"இன்னிக்கா? இவளப் பாக்கத்தான தெத்தே இத்தன ஜனம் வந்திருக்கு? திங்கக்கெழம நானே கொண்டாந்து தித்திப் விடறேன்."

"திங்கக்கெழம வரைக்கும் தாங்காதுங்க."

"ராணி ஆச்சே, தாங்குவா."

நான் பெட்டியைத் தூக்கக் கையை நீட்டிவிட்டேன். கோகோம் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேணாம் பாங். அவரோடது." அந்தப் பிடியின் வலி இன்னும் எனக்கு இருக்கிறது. பிறகு அவனிடம், "இந்த வாளிய உள்ள வைங்க. பெட்டியத் துணி போட்டு மூடுங்க. ஒருத்தரும் தொடக்கூடாது. வேற ஒண்ணும் கேக்கல" என்றாள். "சரி தெத்தே, சரி தெத்தே" என்று தேனாகச் சொன்னான்.

திங்கட்கிழமை வந்தான். ஒரு கையில் கூண்டு, இன்னொரு கையில் வாளி. "வாளியையும் மறக்காமக் கொண்டாந்துட்டேன்" என்றான். வாளி மணலில் நிறைய சிகரெட் துண்டுகள் குத்தியிருந்தன. வாசலில் வைத்திருக்கிறான், வந்தவர்கள் அணைக்க வசதியாக. கூண்டின் தரையில் ராத்து பக்கவாட்டில் கிடந்தது. புள்ளிகள் எல்லாம் மங்கிப்போயிருந்தன. "தித்திப்" என்று சொல்லிவிட்டு, நேரமாகிறது என்று போய்விட்டான்.

கோகோம் ஷேர் வேன் பிடித்து மருத்துவரிடம் ஓடினாள். அவர் வயிற்றைத் திறந்தார். நாற்பத்தொரு முட்டை. ராத்து மயக்கத்திலிருந்து எழவில்லை.

மறுநாள் காலை, செய்தி கேட்டுக் குமிலார் வந்தான். கருப்புச் சட்டை, முகத்தில் துக்கம். துணிப் பையோடு நான்கைந்து வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்றார்கள். நெஞ்சில் கை வைத்துச் சொன்னான்: "பொறுமையா இருங்க தெத்தே. எல்லாமே தித்திப்தானே. விட்டவன் எடுத்துக்கிட்டான்."

"இருங்க" என்று உள்ளே போனாள் கோகோம். வெள்ளைத் துணியில் கட்டிய ஒரு சிறு மூட்டையோடு வந்தாள். நான்கு முனையும் இஸ்திரி போட்டு மடித்திருந்தது. மேலே இளஞ்சிவப்புத் துண்டுச்சீட்டு.

"கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க. நல்லா எண்ணிப் பாத்துக்குங்க. தாய் ஒண்ணு. முட்டை நாப்பத்தொண்ணு."

அவன் இரண்டு அடி பின்னால் போனான். "தெத்தே, இதப் போய்..."

"எங்கிட்ட விட்டது ஆண்டவன் இல்ல, காங் குமிலார். நீங்க. ஆண்டவன் பேர்ல எழுதல, உங்க பேர்லதான் எழுதியிருக்கேன். பதினெட்டு வருசமா அடுத்தவங்க பொருள் எதையும் நான் வச்சுக்கிட்டதில்ல. புடிங்க!"

அவள் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வரிசையில் நின்றவர்கள் அவனையே பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் கிறுக்கிவிட்டு மூட்டையை வாங்கினான். வெளியே வந்தான். என் கடை வாசலில் நின்றான். மூட்டையை என் மெஷின் மூடிமேல் வைத்தான்.

"பாங், கொஞ்சம் தித்திப். வண்டியத் திருப்பிட்டு வந்துடறேன்."

திருப்பினான், போனான். வரவே இல்லை. தெருவில் இறங்கி ஓடினேன். மேடானில் கற்ற கெட்ட வார்த்தை ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை, தமிழிலும் திட்டினேன். அவன் காதில் விழுந்திருக்காது. மூச்சிரைக்கத் திரும்பியபோது கோகோம் என் மெஷின் அருகே நின்று மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு தடவ நான்தான் தேச்சு மடிச்சு அவர் கையில குடுத்தேன், பாங். நீங்க சொன்னீங்க. கேக்கல நான்."

"நான் இருபது போட்டேன், தெத்தே" என்றேன்.

மொட்டைமாடியில் பெரிய செம்பருத்தித் தொட்டியில் இருவருமாகப் புதைத்தோம். அந்த இடத்து மண் ஈரமாக, தோண்டச் சுலபமாக இருந்தது.

பத்து நாள் கழித்து, மழை விடாமல் பிடித்திருந்த மதியம், ஒரு மாணவி நனைந்துகொண்டே கூண்டோடு வந்தாள். உள்ளே இருந்தது கண்ணை மூடிக்கொண்டிருந்தது. "தெத்தே, தித்திப். பரீட்சை முடியற வரைக்கும்."

"அந்தச் சொல்லு இங்க இனிமே ஓடாது" என்றாள் கோகோம். "குடுத்துட்டேன்னு சொல்லு. எடுத்துக்கறேன்."

"அய்யோ, என்னோட லிலிஸ் தெத்தே! ரெண்டே மாசம்தான்..."

"அப்ப நீயே வச்சுக்க." கூண்டை மேஜையின் விளிம்புவரை தள்ளினாள். அந்தப் பெண் அழுதாள். கூண்டைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கி, என் கடையையும் தாண்டிப் போனாள். பலகைச் சுவர் இடுக்கு வழியாகப் பார்த்தேன். கோகோம் இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் திரும்பாவிட்டால் உள்ளே இருப்பது இந்த வாரம் தாண்டாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கூப்பிடவில்லை.

தெருத் திருப்பம்வரை போன பெண் நின்றாள். திரும்பி வந்தாள். கூண்டை மேஜையில் வைத்தாள்.

"குடுத்துட்டேன்" என்றாள், காதில் விழாத குரலில்.

"நல்லாச் சொல்லு."

"குடுத்துட்டேன், தெத்தே!"

கோகோம் அவளுக்கு ஒரு காய்ந்த துண்டைக் கொடுத்துத் தலையைத் துவட்டச் சொன்னாள். பிறகு துண்டுச்சீட்டை எடுத்து, தேதி போட்டு, உருப்படி ஒன்று என்று எழுதி, பெயர் எழுதும் இடத்தில் தன் பெயரை எழுதினாள்.